“காது கேக்குது, பேச்சுதான் புரியல” என்கிறார் அப்பா: கருவி வாங்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

உட்லண்ட்ஸில் வசிக்கும் 34 வயது வாசகி தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அப்பாவுக்கு 61 வயது. சிங்கப்பூர்க் குடிமகன். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் 27 ஆண்டுகளாக வேலை. முதல் பல ஆண்டுகள் துரு சுரண்டுவது, மணல் பீய்ச்சி அடிப்பது, இப்போது மேற்பார்வையாளர். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னது என்ன என்று கேட்டால் தெரியவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாலோ, “எதுக்குக் கத்துற? நான் என்ன செவிடா?” என்று கோபம். கல்யாண விருந்துகளில் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஓராண்டாக இடது காதில் மட்டும் சில்வண்டு கத்துவதுபோல் இரைச்சல்.

தம்பி “எல்லாம் நடிப்பு, வேண்டியது மட்டும் நல்லா கேக்குது” என்கிறார். அம்மா அழுக்கு அடைத்திருக்கிறது என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் விடுகிறார். ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடித்த கையோடு அப்பாவைக் கடைத்தொகுதிக்கு அழைத்துப் போனபோது, அங்கே ஒரு கருவிக் கடையில் இலவசப் பரிசோதனை செய்தார்களாம். இடது காதில் 44 விழுக்காடு, வலது காதில் 31 விழுக்காடு போய்விட்டது, இரண்டு காதுக்கும் கருவி 7,200 வெள்ளி, அந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, விட்டால் மறதி நோய் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ, “மிஷின் மாட்டினா காது சோம்பேறியாயிடும்” என்கிறார். தம்பி இணையத்தில் 89 வெள்ளிக்கு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாமா, கேட்டால் வேலைக்கு ஆபத்தா என்பது கடைசிக் கேள்வி. கடையில் கொடுத்த தாளின் படத்தையும் இணைத்திருக்கிறார்.

பதில்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்ட வேண்டாம். 89 வெள்ளிக் கருவியும் வேண்டாம். அப்பா நடிக்கவில்லை, அவருக்குக் கேட்புத்திறன் குறைந்திருக்கிறது என்றே அந்தத் தாள் காட்டுகிறது. ஆனால் கடைக்காரர் உங்களுக்கு விளக்காமல் விட்ட ஒன்றும் அதே தாளில் இருக்கிறது: இரண்டு காதும் ஒரே அளவில் குறையவில்லை. இடது காது கணிசமாகப் பின்தங்கியிருக்கிறது, இரைச்சலும் அதே பக்கம். அதற்கு என்ன காரணம் என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் கருவிப் பேச்சு.

கேட்கிறது, ஏன் புரியவில்லை?

காதுத் துளை சுமார் இரண்டரை செண்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை. செவிப்பறை அதிர்ந்தால் அதன் பின்னுள்ள மூன்று சின்ன எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. மூன்றாவதான அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறியது. உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பரப்பு பெரிதான செவிப்பறையில் வாங்கி, சிறிய அங்கவடி வழியாகத் தள்ளுவதால் அழுத்தம் சுமார் 20 மடங்கு கூடுகிறது. அதனால்தான் நமக்குக் கிசுகிசுப்பும் கேட்கிறது.

உள்காதின் நத்தைச் சுருள் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகம்; நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அதனுள் நீளவாக்கில் ஒரு சவ்வு. கீச்சென்ற ஒலிக்குச் சுருளின் வாசல் பக்கமும், கனத்த ஒலிக்கு உள் நுனியும் அதிகமாக அதிரும். இந்தச் சவ்வின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காகவே கியார்க் வான் பெக்கேசி 1961இல் நோபெல் பரிசு பெற்றார். சவ்வின் மேல் இரண்டு வகை மயிரணுக்கள் இருக்கின்றன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500 அணுக்கள். மூளைக்குச் செய்தி அனுப்புவது முக்கியமாக இவைதான். வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. இவை மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன, பலத்த ஒலிக்குச் சும்மா இருக்கின்றன. நீண்ட கால இரைச்சலில் முதலில் சாவது இந்த வெளிவரிசை, அதிலும் 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4000 அதிர்வு) ஒலிக்கான பகுதி. மனிதருக்குச் செத்த மயிரணு மறுபடி முளைப்பதில்லை. எண்ணெய், மாத்திரை, காதுப் பயிற்சி எதுவும் இதில் உதவாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். கடை, சடை, தடை, படை: நான்கு சொல்லுக்கும் வால் ஒன்று, முதல் மெய் மட்டும் வேறு. ‘டை’யின் உயிரொலி தாழ்ந்த அதிர்வெண்ணில், பலமாக வரும். க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சத்தம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், மெலிதாக, நொடியின் சிறு துணுக்கு நேரமே வரும். அப்பாவுக்குத் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய நன்றாகவே கேட்கிறது. ஆகவே நீங்கள் பேசுவது அவருக்குத் தெரிகிறது, குரல் யாருடையது என்றும் தெரிகிறது. எந்தச் சொல் என்பதுதான் தெரியவில்லை. “காது கேக்குது, பேச்சுதான் புரியல” என்று அவர் சொல்வது மருத்துவக் குறிப்பில் அப்படியே எழுதத் தக்க வாக்கியம்.

வலப்பக்கக் கட்டைகள் சில வேலை செய்யாத ஆர்மோனியத்தில் துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கட்டைகள் பாடாது, மற்றவைதான் அலறும். கத்திப் பேசும்போது நடப்பது இதுதான். மெல்லிய ஒலியைப் பெருக்கும் அணுக்கள் குறைந்தவருக்கு, கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காது வலிக்கும் அளவுக்கும் இடையே இடைவெளி சுருங்கிவிடுகிறது. சாதாரணமாகப் பேசினால் எட்டவில்லை, கொஞ்சம் உயர்த்தினால் கத்தல். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தம்பியின் சந்தேகத்துக்கும் பதில் இதில் உண்டு. அமைதியான அறையில், முகத்துக்கு நேரே, தெரிந்த விஷயத்தைப் பேசினால் உதட்டசைவும் ஊகமும் சேர்ந்து இடைவெளியை நிரப்பிவிடும். சமையலறையிலிருந்து, குழாய் ஓடும்போது, திடீரென்று வேறு பேச்சு எடுத்தால் நிரப்ப எதுவும் இல்லை.

அந்தத் தாளில் உள்ள எண்கள்

விழுக்காட்டுக் கணக்கை மறந்துவிடுங்கள். தாளில் இருப்பது டெசிபல், அதாவது ஒலி எவ்வளவு பலமாக வந்தால் கேட்கத் தொடங்குகிறது என்ற அளவு. வலது காதுக்கு 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் முறையே 15, 20, 30, 60, சராசரி 31. இடது காதுக்கு 20, 30, 50, 75, சராசரி 44. அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் விழுக்காட்டுக் குறியைப் போட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இதே கணக்கில் போனால், 110 டெசிபலில்தான் கேட்கிறது என்பவருக்கு 110 விழுக்காடு காது போயிருக்க வேண்டும்!

0 டெசிபல் என்பது நல்ல காதுள்ள இளையருக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 20க்குக் கீழே இயல்பு, 20 முதல் 35க்குள் லேசான குறைபாடு, 35 முதல் 50க்குள் மிதமானது. ஆக வலது காது லேசானது, இடது காது மிதமானது. சராசரியைவிட வடிவத்தைப் பாருங்கள். தாளில் எண் கூடக் கூடக் கோடு கீழே போகும். வலது காதின் கோடு 4000இல் 60க்கு இறங்கி, 8000இல் 40க்குத் திரும்ப ஏறுகிறது. 3000க்கும் 6000க்கும் இடையே விழுந்து பிறகு ஏறும் இந்தப் பள்ளம் இரைச்சலின் கையெழுத்து. வயதால் மட்டும் வரும் குறைவில் கோடு ஏறாமல் சரிந்துகொண்டே போகும். அழுக்கு அடைத்தால் இப்படிப் பள்ளம் விழாது.

இடது காது 3000இல் 65, 4000இல் 75, 8000இல் 70. திரும்ப ஏறவே இல்லை என்று சொல்லலாம். வலது காதோடு ஒப்பிட்டால் 2000இல் 20 டெசிபல், 3000இலும் 4000இலும் 15 டெசிபல் வித்தியாசம். அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 15, 20 டெசிபல் வித்தியாசம் வந்தாலே காரணம் தேடுவது வழக்கம். வருடக்கணக்கில் இடது பக்கம் எந்திரம் இருக்கும்படி நின்று வேலை செய்திருக்கலாம். அது ஒரு சாதாரணக் காரணம். கேட்பு நரம்பின் அருகே மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்றும் இப்படித்தான் தொடங்கும். அது அரிது. இப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எம்ஆர்ஐ படத்தில் எதுவும் இருக்காது. ஆனாலும் பார்க்காமல் கருவியை மாட்டி, வித்தியாசத்தை மூடிவிடுவது தவறு.

இன்னொன்றும் உண்டு. பரிசோதனை நடந்தது வேலை முடித்த கையோடு. இரைச்சலிலிருந்து வந்த காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தமாகவே இருக்கும். அதனால் எண்கள் உண்மையைவிடச் சற்று மோசமாக வந்திருக்கலாம். கடைத்தொகுதியின் சத்தத்தில், ஒலி புகாத அறை இல்லாமல் எடுத்திருந்தால் தாழ்ந்த அதிர்வெண் அளவுகளும் நம்பத்தக்கவை அல்ல. எலும்பு வழிச் சோதனைக்கான குறிகளும் அந்தத் தாளில் இல்லை. அது இல்லாமல் கோளாறு வெளிப்பக்கமா, நரம்புப் பக்கமா என்று சொல்ல முடியாது.

முறையான பரிசோதனை எப்படி இருக்கும்?

முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை. அழுக்கு இருந்தால் உறிஞ்சியோ கொக்கியாலோ எடுத்துவிட்டுத்தான் மற்றவை. அழுக்கு துளையை ஏறக்குறைய முழுதாக அடைத்தால்தான் கேட்பு குறையும். அம்மாவிடம் எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஈரக் காதில் பூஞ்சை பிடிப்பதும் எளிது. காது குடையும் பஞ்சுக்குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

அடுத்து ஒலி புகாத அறை. காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் மெல்லிய ஒலி வரும். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டால் 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்றுவார்கள். இப்படி ஏற்றி வரும் தடவைகளில் பாதிக்குக் குறையாமல் பதில் வரும் மிகக் குறைந்த அளவுதான் அந்த அதிர்வெண்ணுக்கான எல்லை. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக நடக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்: ‘கேட்ட மாதிரி இருக்கு’ என்றாலும் அழுத்த வேண்டும். நன்றாகக் கேட்ட பிறகுதான் அழுத்துவேன் என்று காத்திருப்பவர்களுக்கு எண்கள் மோசமாக வரும். சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சும்மா சும்மா அழுத்துபவர்களும் உண்டு.

பிறகு காதுக்குப் பின் எலும்பில் சிறு அதிர்வியை வைத்து அதே சோதனை. இது வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி நேரே உள்காதைத் தொடுகிறது. எலும்பு வழி நன்றாகவும் காற்று வழி மோசமாகவும் வந்தால் கோளாறு வெளியிலோ நடுவிலோ. மருந்தோ அறுவையோ உதவக்கூடும். இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் உள்காது அல்லது நரம்பு. அப்பாவுக்கு இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். இடது காதைச் சோதிக்கும்போது வலது காதில் ‘ஷ்ஷ்’ என்று இரைச்சல் போடுவார்கள், பயப்பட வேண்டாம். ஹெட்ஃபோன் சத்தம் ஏறத்தாழ 40 டெசிபலைத் தாண்டினால் மண்டையோட்டின் வழியே மறு காதுக்குப் போய்விடும். நல்ல காது உதவிக்கு வராமல் தடுக்கத்தான் அது.

செவிப்பறையின் அசைவைக் காற்றழுத்தத்தால் அளக்கும் சோதனை சில நொடிகளில் முடியும். கோடு தட்டையாக வந்தால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் அப்படி நீர் இருந்தால், மூக்கின் பின்புறத்தையும் குழாய்க் கேமராவால் பார்ப்போம். அங்கே வரும் புற்றுநோய் இந்த வட்டாரத்தில் புதிதில்லை.

கடைசியாகச் சொல் சோதனை. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒலிச் சோதனையில் கிடைத்த அளவுக்குப் பொருந்தாமல் சொல் மதிப்பெண் படுமோசமாக இருந்தால் நரம்பைச் சந்தேகிப்போம். இதில் ஒரு சிக்கல்: சொற்கள் அப்பாவுக்குப் புழங்காத ஆங்கிலத்தில் இருந்தால், குறையும் மதிப்பெண் காதுடையதா, மொழியுடையதா என்று பிரிக்க முடியாது. எந்த மொழியில் சோதிப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அவருக்கு எந்த மொழி சரளம் என்பதை அறிக்கையில் குறிக்கவும் சொல்லுங்கள்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். சமூகச் சுகாதார உதவித் திட்டமான சாஸில் உள்ள மருந்தகமும் சரிதான். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் மானியக் கட்டணம். நேரே தனியாராகப் பதிவு செய்தால் அது கிடைக்காது. கடிதத்தில் ‘ஒரு பக்க இரைச்சல், இரு காதுக்கும் வித்தியாசம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘காது மந்தம்’ என்று மட்டும் எழுதினால் அவசரம் தெரியாமல் தேதி தள்ளிப் போகலாம்.

கருவி தேவை என்று முடிவானால், 60 வயது தாண்டிய குடிமக்களுக்கு சீனியர்ஸ் மொபிலிட்டி அண்ட் எனேபிளிங் நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். மருத்துவமனையின் சமூக ஊழியரோ செவிப்புலன் நிபுணரோ விண்ணப்பத்தை எடுத்துச் செல்வார். கருவியை வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்காதீர்கள். முதலில் விண்ணப்பம், ஒப்புதல், பிறகு வாங்குவது.

கருவி பற்றிய பயங்கள்

காது சோம்பேறியாகாது. நடப்பது நேர்மாறு: பல ஆண்டுகள் ஒலி எட்டாத காதில் சொற்களைப் பிரித்தறியும் திறன் குறைந்துகொண்டு போகலாம். மறதி நோய் விஷயத்தில் கடைக்காரர் பாதிதான் சொல்லியிருக்கிறார். கேட்புக் குறைபாட்டுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த மறதி நோய் ஆணையம் 2017 முதல் இதைத் தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. ஆனால் இந்த வாரம் கருவி வாங்காவிட்டால் மறதி வரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பயத்தைக் காட்டித் தள்ளுபடிக்குத் தேதி வைக்கும் இடத்தில் சற்று நிதானிப்பது நல்லது.

89 வெள்ளிக் கருவி எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே மாதிரி உயர்த்தும். அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் கனத்த ஒலி அலறும், தேவையான மெய்யொலி அதில் அமுங்கும். “கத்தாதே” என்று உங்களிடம் சொன்னவர் அந்தக் கருவியைக் கழற்றி எறிவார். அதோடு எல்லாக் கருவிகளையும் வெறுத்துவிடுவார். அதுதான் பெரிய நஷ்டம். அவருக்குப் பொருந்துவது, தாழ்ந்த ஒலியை இயல்பாக உள்ளே விட்டு மேல் அதிர்வெண்களை மட்டும் உயர்த்தும், திறந்த முனை கொண்ட மெல்லிய கருவி. துளையை முழுதாக அடைக்கும் வகை வேண்டாம். தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். இரண்டு காதிலும் குறைபாடு இருப்பதால், இடது காதைப் பரிசோதித்து முடித்த பிறகு இரண்டுக்கும் மாட்டுவதே சிறந்தது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது.

வாங்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வீட்டில் சில வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பித் தர முடியுமா? விலையில் எத்தனை முறை சரிசெய்வது அடக்கம்? காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, செவிப்பறை அருகே ஒலி எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பொருத்துவீர்களா? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். கணினி தானாகப் போட்டுக் கொடுக்கும் அமைப்பு பலருக்குப் பொருந்துவதில்லை. கருவிகள் இழுப்பறையில் தூங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

முதல் சில வாரம் தட்டு கழுவும் சத்தமும் காற்றாடிச் சத்தமும் அவருக்கு எரிச்சல் தரும். ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம் அமைதியான இடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகட்டும். கல்யாண விருந்தில் அரங்கேற்றம் வேண்டாம். இரவில் கழற்றி ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்க வேண்டும். திடீரென்று சத்தம் நின்றால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுமுன் முனையிலுள்ள அழுக்குத் தடுப்பை மாற்றிப் பாருங்கள்.

வேலையும் இழப்பீடும்

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகளில் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2, 100க்கு 15 நிமிடம். வரம்பைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கேட்புப் பரிசோதனை நடத்த வேண்டும், செலவு முதலாளியுடையது. ஆகவே அப்பாவின் பழைய பரிசோதனைத் தாள்கள் நிறுவனத்திடமோ, பரிசோதித்த மருத்துவரிடமோ இருக்க வேண்டும். பிரதி கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும் அவை பொக்கிஷம்: இடது காது 10 ஆண்டுகளாக மெல்லக் குறைந்ததா, கடந்த ஆண்டு சட்டென்று விழுந்ததா என்பதை வேறு எதுவும் சொல்லாது.

இரைச்சலால் வரும் கேட்புக் குறைபாடு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழில்சார் நோய். முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் 4000இல் பள்ளம் இருப்பதாலேயே தொகை வந்துவிடாது. பேச்சுக்குத் தேவையான அதிர்வெண்களில் நிரந்தரக் குறைபாடு எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிடுவார். இடது காதின் கூடுதல் குறைவுக்கு வேறு காரணம் இருந்தால் அதையும் பிரித்துப் பார்ப்பார்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நோய் உறுதியானதும் மனிதவள அமைச்சிடம் பதிவு செய்யுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. குறைபாடு இருப்பதாலேயே ஒருவர் வேலைக்குத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. மருத்துவர் பரிந்துரைத்தால் இரைச்சல் குறைந்த பணிக்கு மாற்றலாம். அப்பா ஏற்கனவே மேற்பார்வையில் இருப்பதால் அது அவ்வளவு கடினமாகவும் இருக்காது. பரிசோதனையை மறைத்தால், அபாய ஒலியும் பாரந்தூக்கியின் எச்சரிக்கையும் கேட்காத ஒருவர் பட்டறையில் நிற்கிறார் என்று ஆகும். அது எல்லோருக்கும் ஆபத்து.

இருக்கும் காதையாவது காக்க வேண்டும். பட்டறையில் கேட்புக் கருவியைப் போடக்கூடாது. அணைத்து வைத்த கருவி காதடைப்பும் ஆகாது. நுரை அடைப்பானை ஒல்லியாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி தெரிந்தால் அது அலங்காரம்தான். ‘பேசுறதுக்காகக் கொஞ்ச நேரம் கழற்றினேன்’ என்பது பட்டறைகளில் வழக்கம். 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றினாலே அன்றைய மொத்தப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும்.

தேதி கிடைக்கும் வரை

பேசுமுன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுங்கள். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். சமையலறையிலிருந்து கத்துவதைவிட நான்கு எட்டு நடந்து வருவது பலன் தரும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். ஓடு பதித்த கூடத்தில் எதிரொலி அதிகம். பேசும் நேரத்தில் தொலைக்காட்சியை அணையுங்கள். விருந்தில் வலது காது பேசுபவர்கள் பக்கம் இருக்கும்படி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார வையுங்கள்.

இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: ஒரு காது சில மணி நேரத்திலோ, மூன்று நாளுக்குள்ளோ சட்டென்று மந்தமாவது, சுற்றும் தலைச்சுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, காதிலிருந்து இரத்தமோ சீழோ வருவது. திடீர் மந்தத்துக்கு ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மங்கும். சளி பிடித்து அடைத்திருக்கிறது என்று அதை ஒதுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

பரிசோதனைத் தேதியை வேலை நாளின் மாலையில் வாங்காதீர்கள். விடுப்பு நாளின் காலையில் வாங்குங்கள். அதற்கு முன் குறைந்தது 16 மணி நேரம் அவர் இரைச்சலில் இருக்கக்கூடாது. கையில் கடைத் தாள், நிறுவனத்தின் பழைய தாள்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் மூன்றும் இருக்கட்டும். சில வகை ஊசி ஆன்டிபயாட்டிக், புற்றுநோய் மருந்து, அதிக அளவில் தரும் நீரிறக்கி மருந்து ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. அவருக்கு நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை.